வானியல் கழகத்துக்கு அனுசரணை: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது

மலையகப் பாடசாலைகளில் வானியல் கழகமோ விஞ்ஞான மன்றமோ நடத்துகிறவர்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வரும் சிக்கல் ஒன்றுதான். ஒரு தொலைநோக்கி வேண்டும், நீர் ரொக்கெட் போட்டி நடத்தவேண்டும், கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேன் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையிருப்பு கூரைத் தகரத்துக்கும் மலசலகூடத் திருத்தத்துக்குமே போதாது. அந்த நேரத்தில் ஒரு கொம்பனி முன்வருகிறது: முழுச் செலவையும் ஏற்கிறோம், எங்கள் பெயர் எல்லா இடத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. அதிபருக்குச் சம்மதம். பாடசாலைக்குள் விளம்பரமே கூடாது என்று இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள். முடிவில்லாமல் கடிதம் ஒரு தவணை முழுக்க மேசையில் கிடக்கும்.

மக்கள் பணத்தில் இயங்கும் விண்வெளி நிறுவனங்களும் இந்த இடத்தில் நின்றிருக்கின்றன. காசில்லாத காலத்தில் ரஷ்யா ஏவுகலத்தின் உடலையே விளம்பரத்துக்குக் கொடுத்தது. நாசா நீண்டகாலம் மறுத்து, பிறகு ஒரு சிறு கதவை மட்டும் திறந்தது. பிரித்தானியா இரண்டு முறை அனுசரணையை நம்பித் திட்டம் போட்டு, இரண்டு முறையும் கணக்குத் தவறியது. என்ன கொடுத்தார்கள், என்ன கிடைத்தது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் எடைபோட்டால், அட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிற ஒரு கழகம் தெளிவான முடிவுக்கு வரமுடியும்.

முதலில் அளவுகோல்கள்

எந்த அனுசரணைக் கடிதத்தையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். பணம் எப்போது கைக்கு வரும்: முன்னாலா, நிகழ்ச்சி முடிந்த பிறகா? பதிலுக்கு நாம் கொடுப்பது என்ன: இடமா, நேரமா, பெயரா, பிள்ளைகளின் முகமா? கொடுத்ததை அடுத்த வருடம் திரும்ப எடுக்கமுடியுமா? கடிதத்தில் எழுதாத செலவு எது? மழை, பழுது, தாமதம் வந்தால் முடிவெடுப்பவர் யார்?

இரண்டாவது கேள்விதான் மிக முக்கியமானது. கடிதங்களில் "விளம்பர உரிமை" என்ற ஒரே சொல்லுக்குள் இடம், நேரம், பெயர், முகம் நான்கையும் போட்டு மூடிவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்தக் கேள்விகளுக்கும் முன்னால் ஒரு வடிகட்டி உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. பியர், சாராயம், சிகரட் பெயர்களோடு வருகிற எதையும் பரிசீலிக்கவே தேவையில்லை.

வழி 1: இலச்சினைக்கு இடம் கொடுப்பது

2000 ஜூலை 12 அன்று பைக்கனூரிலிருந்து ஒரு புரோட்டன் ஏவுகலம், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஸ்வெஸ்டா பகுதியைச் சுமந்து கிளம்பியது. அதன் உடலில் ஏறத்தாழ 9 மீற்றர் உயரத்தில் பீட்சா ஹட் இலச்சினை இருந்தது. ரஷ்யாவின் பணமுடையால் இரண்டு வருடங்களுக்கு மேல் பிந்திப்போன பகுதி அது. இலச்சினைக்காக ஸ்வெஸ்டாவின் வடிவமைப்பில் எதையும் மாற்றவில்லை. ஏவுகலம் சில நிமிடங்களில் கட்டம் கட்டமாகக் கழன்று விழுந்தது, இலச்சினையும் அதோடு போயிற்று. கொம்பனி வாங்கியது ஏவுதளத்தில் எடுத்த படங்களைத்தான். ஸ்வெஸ்டா இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1990 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சிச் செய்தியாளர் தொயோஹிரோ அக்கியாமாவை சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன சோயுஸ் டிஎம்-11 பயணத்திலும் ஏவுகலத்தின்மீது ஜப்பானிய நிறுவனங்களின் இலச்சினைகள் இருந்தன. அங்கேயும் விற்கப்பட்டது கழன்று போகும் ஒரு மேற்பரப்பு மட்டுமே.

பாடசாலைக்கு இது பெரும்பாலும் பாதுகாப்பான வழி. பெனர், சான்றிதழின் கீழ்மூலை, டீசேர்ட்டின் முதுகு, தொலைநோக்கிப் பெட்டியின் பக்கம் எல்லாமே ஒரு வருடத்தில் கழற்றக்கூடியவை. ஆனாலும் எங்கே ஒட்டுகிறோம் என்பதில் விஞ்ஞானம் இருக்கிறது.

நாசாவின் விண்வெளி ஓடத்தின் முதல் இரண்டு பறப்புகளில் அதன் வெளி எரிபொருள் தாங்கிக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். மூன்றாவது பறப்பிலிருந்து வர்ணத்தையே விட்டுவிட்டார்கள். மிச்சமான எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். தாங்கி அதற்குப் பிறகு செம்மஞ்சள் நிறமாகவே பறந்தது. நீர் ரொக்கெட்டிலும் இதே கணக்குத்தான். 1.5 லீற்றர் பெட் போத்தலின் எடை சுமார் 40 முதல் 50 கிராம். ஏ4 அளவு வினைல் ஸ்டிக்கர் சுமார் 10 கிராம். அனுசரணையாளரின் ஸ்டிக்கரை வாலடியில், சிறகுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால் எடைமையம் பின்னுக்கு நகர்ந்து ரொக்கெட் நடுவானில் குட்டிக்கரணம் போடும். எடைமையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்று தள்ளும் விசை ஒன்றுசேரும் புள்ளிக்கு) குறைந்தது ஒரு போத்தல் விட்டம், அதாவது சுமார் 9 சென்ரிமீற்றர், முன்னால் இருக்கவேண்டும். ஸ்டிக்கரை மூக்குப் பக்கம் சிறிதாக ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கவிடலாம். மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்தும் சரிவராவிட்டால் ஸ்டிக்கரைக் கழற்றுங்கள்.

போத்தலில் ஏற்கெனவே இருக்கும் சோடா கொம்பனியின் லேபிளையும் அகற்றுங்கள். அது யாரும் காசு கொடுக்காத விளம்பரம், அனுசரணையாளருக்கும் அதில் மனக்கசப்பு வரும். பசையை எடுக்கச் சமையல் எண்ணெய் தேய்த்தால் போதும். தின்னரோ சூடோ பயன்படுத்தினால் பிளாஸ்டிக்கில் நுண்வெடிப்பு விழும், 4 அல்லது 5 பார் அழுத்தத்தில் போத்தல் பிளந்துவிடும். கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பெயின்ரும் அப்படியே. கொம்பனி நிறத்தில் ரொக்கெட் வேண்டும் என்று கேட்டால் நிறக் கடதாசியைச் சுற்றிக் கொடுங்கள்.

இரவு வான்நோக்கு நிகழ்ச்சியில் இடம் கொடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். எல்ஈடி பலகை கூடாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒரு வெளிச்சப் பலகையைப் பார்த்தால் அவ்வளவும் வீண். வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி விண்வெளியில் விளம்பரம் வைக்கும் ஏவல்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அதே நியாயத்தை மைதானத்திலும் கேளுங்கள். துணிப் பெனர், நுழைவாயிலில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு முதுகுப்புறமாக.

வழி 2: பெயரையே கொடுத்து, முழுச் செலவையும் ஒருவரிடம் விடுவது

எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த வழி இது. ஏன் என்பதற்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

1991 மே மாதம் ஹெலன் ஷார்மன் பிரித்தானியாவின் முதல் விண்வெளி வீரராக மிர் நிலையத்துக்குப் போனார். அந்த ஜூனோ திட்டத்தின் செலவை அரசு ஏற்கவில்லை, அனுசரணை நிறுவனங்கள் தருவதாக ஏற்பாடு. வந்த தொகை தேவைக்குக் கிட்டவும் வரவில்லை. சோவியத் தரப்பு துண்டுவிழுந்ததை ஏற்றுக்கொண்டதால்தான் பயணம் நடந்தது.

அடுத்தது பீகிள் 2. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தோடு 2003இல் செவ்வாய்க்குப் போன பிரித்தானிய இறங்குகலம். அதற்கும் வணிக அனுசரணை தேடினார்கள், எதிர்பார்த்தது சேரவில்லை, கடைசியில் பெரும்பங்கு அரச பணமாயிற்று. 2003 டிசம்பர் 25 அன்று அது இறங்கவேண்டும், சைகையே வரவில்லை. 2015இல்தான் செவ்வாயின் தரையில் அதைப் படத்தில் கண்டுபிடித்தார்கள். இறங்கியிருந்தது, ஆனால் சூரியத் தகடுகள் முழுதாக விரியவில்லை. அதற்குப் பணமே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் தொடக்கத்தில் உறுதியான நிதி இல்லாதது திட்டத்தைப் பாதித்தது என்று விசாரணைக் குழு பதிந்திருக்கிறது. செவ்வாய்க்கான பயண வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பணம் பிந்தினால் சோதனைக்கான நாட்கள்தான் குறையும்.

மூன்றாவது, நாசா பணம் கொடுத்த கொமெட் திட்டத்தின் கொனெஸ்டோகா ஏவுகலம். 1993இல் ஒரு ஹொலிவூட் படத்தின் பெயரை அதில் எழுதக் காசு பேசினார்கள். படம் அந்த வருடமே திரைக்கு வந்துவிட்டது. ஏவுகலம் 1995 ஒக்டோபரில்தான் கிளம்பியது, ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது. அனுசரணையாளரின் நாட்காட்டியும் வேலையின் நாட்காட்டியும் வேறு வேறு.

2018 ஓகஸ்டில் அன்றைய நாசா தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன், ஏவுகலங்களுக்கும் விண்கலங்களுக்கும் பெயரிடும் உரிமையை விற்கலாமா என்று ஆராயக் குழு அமைத்தார். எந்த நாசா விண்கலமும் இன்றுவரை கொம்பனிப் பெயரோடு பறக்கவில்லை.

மலையகத்தில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. முன்வரும் கொம்பனி பல இடங்களில் பெருந்தோட்டக் கொம்பனியாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. பாடசாலைக் காணி தோட்டத்தோடு ஒட்டியது, பிள்ளைகளின் பெற்றோர் அங்கேயே வேலை செய்கிறவர்கள். ஆனால் 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் நடந்த போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படியொரு காலத்தில் அம்மா மலையில் வேலைநிறுத்தத்தில் இருக்க, மகள் அதே கொம்பனியின் பெயர் சூட்டிய கழகத்தின் டீசேர்ட்டோடு மேடையில் நிற்கவேண்டிவரும். பெனரை ஒரே நாளில் இறக்கலாம். பெயரை இறக்க வலயக் கல்விப் பணிமனைவரை கடிதம் எழுதவேண்டும்.

ஒரே ஒரு நிலைமையில் பெயர் கொடுக்கலாம்: ஒரு வருடத்துக்கு மட்டும், ஒரு போட்டிக்கு மட்டும். "இன்னாரின் அனுசரணையில் நீர் ரொக்கெட் கிண்ணம்" என்றால் சரி. கழகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ தொலைநோக்கிக்கோ வேண்டாம்.

வழி 3: காசில்லாமல் பொருளாக வாங்குவது

விண்வெளித் துறையில் மிக நன்றாக வேலை செய்த வழி இதுதான். ஃபிஷர் பேனாவை அந்த நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் உருவாக்கியது. நாசா சோதித்துப் பார்த்து, ஒன்று 6 டொலர் படி 400 பேனாக்கள் வாங்கியது. 1968இல் அப்பலோ 7இல் அவை பறந்தன. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரமும் 1965இல் நாசாவின் சோதனைகளில் தேறிய பிறகே விண்பயணங்களுக்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. இரண்டிலும் வரிசையைக் கவனியுங்கள். கடிகாரத்தில் தேவையை முதலில் நாசா சொன்னது, இரண்டிலும் சோதனையை அதுவே நடத்தியது. விளம்பரம் கடைசியில்தான் வந்தது, அதுவும் "பயன்படுத்தப்பட்டது" என்ற உண்மையை மட்டும் சொல்லி.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1985 ஜூலையில் சலஞ்சர் ஓடத்தில் போன கொக்கா கோலா, பெப்சி கேன்களைப் பார்க்கலாம். கொம்பனிகளின் போட்டிதான் அவற்றை மேலே அனுப்பியது. குளிர்சாதனம் இல்லை, எடையற்ற நிலையில் வாயு திரவத்திலிருந்து பிரியாது, வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், எம் அண்ட் எம்ஸ் இனிப்பு விண்வெளிக்குப் போகும்போது நாசா தன் உணவுப் பட்டியலில் "மேற்பூச்சுள்ள சொக்லட்" என்ற கருத்தில்தான் எழுதும். பொருள் போகும், பெயர் போகாது.

பாடசாலையில் வரிசை மாறுவது இப்படித்தான்: கொம்பனி ஒரு தொலைநோக்கியை வாங்கி, பளபளக்கும் பெட்டியோடு மேடையில் கையளிக்கும். பெட்டியில் "525 மடங்கு" என்று இருக்கும். உள்ளே 60 மில்லிமீற்றர் வில்லையும் ஆடுகிற முக்காலியும். வில்லை விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் பயனுள்ள பெருப்பம் ஏறத்தாழ 2 மடங்குதான். 60 மில்லிமீற்றருக்கு 120க்கு மேல் போனால் கலங்கல் மட்டுமே பெரிதாகும். பிள்ளைகள் ஒருமுறை பார்த்து ஏமாந்து, அதற்குப் பிறகு கிட்டவும் வரமாட்டார்கள்.

ஆகவே விபரக்குறிப்பை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நிரந்தரமாக ஒரே பாடசாலையில் வைப்பதானால் 8 அங்குல டொப்சோனியன் (அடிப்பலகையில் நிற்கும் எளிய ஆடித் தொலைநோக்கி): ஆடி விட்டம் 203 மில்லிமீற்றர், குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர் பார்வைவில்லை 48 மடங்கு தரும், 10 மில்லிமீற்றர் வில்லை 120 மடங்கு. எடை 20 கிலோகிராமுக்கு மேல், தூக்க இரண்டு பேர் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோவதானால் 6 அங்குலம் போதும், ஒருவரே இரண்டு நடையில் சுமக்கலாம். ஸ்டிக்கரை அடிப்பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். குழாய் சாயும் வட்டத் தாங்கிகளில் ஒட்டினால் அசைவு இறுகிவிடும்.

கடிதத்தில் எழுதாத செலவு, எங்கள் ஊர்க் காற்று. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் ஈரத்தோடு மூடி வைத்த கண்ணாடியில் பூஞ்சணம் படர அதிக நாள் தேவையில்லை. படர்ந்தால் மேற்பூச்சையே அரித்துவிடும். பனியில் நனைந்த தொலைநோக்கியை மூடியைத் திறந்தபடி வகுப்பறைக்குள் காயவிட்டு, மறுநாள்தான் மூடவேண்டும். பார்வைவில்லைகளை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்ல வறுத்துத் திரும்பப் போடுங்கள். ஆடியைத் துணியால் துடைக்கவே கூடாது. இவற்றுக்கான சிறு தொகையை முதல் மூன்று வருடங்களுக்கு அனுசரணையிலேயே கேட்டுவிடுங்கள். பொருள் கொடுப்பவர் பராமரிப்பைத் தானாக நினைக்கமாட்டார், கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

வழி 4: நேரத்தை விற்பது

2019 ஜூனில் நாசா ஒரு கொள்கையை வெளியிட்டது. விண்வெளி நிலையத்தில் தன் வளங்களில் 5 வீதம் வரை வணிக வேலைகளுக்கு. வருடத்துக்கு 90 மணித்தியால வீரர் நேரம், 175 கிலோகிராம் சரக்கு. அடுத்த வருடம் எஸ்டே லோடர் நிறுவனத்தின் முகப்பூச்சுப் போத்தல்கள் 10 சிக்னஸ் சரக்குக் கலத்தில் போயின. வீரர்கள் அவற்றை எடையற்ற நிலையில் படம்பிடித்தார்கள், கட்டணம் 128,000 டொலர். ஒரு மணித்தியால வீரர் நேரத்துக்கு நாசா அப்போது கேட்டது 17,500 டொலர். 2021இல் அதை 130,000 ஆக உயர்த்தியது, காரணம் பழைய விலை உண்மைச் செலவை ஈடுசெய்யவில்லை.

இந்த விலை உயர்வில்தான் எங்களுக்கான பாடம் இருக்கிறது. நேரம் இலவசம் போலத் தெரியும். எங்கள் நிகழ்ச்சியில் போட்டுப் பாருங்கள். மாலை 7.30க்கு நன்றாக இருட்டும், 9.30க்குப் பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பவேண்டும். கையிலிருப்பது 120 நிமிடம். 40 பிள்ளைகள், ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம் போய்விடும். தொலைநோக்கியை அடுத்த பொருளுக்குத் திருப்பவும் விளக்கம் சொல்லவும் 30 நிமிடமாவது வேண்டும். மிச்சம் 10. கொம்பனிப் பிரதிநிதி 20 நிமிடம் பேசினால் 5 பிள்ளைகள் பார்க்காமலே வீட்டுக்குப் போவார்கள். அந்த 5 பேர் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிற சின்னப் பிள்ளைகள்தான். 5 வீதம் என்ற வரம்பை அப்படியே எடுத்தால் 6 நிமிடம். அதை இருட்டுவதற்கு முன், 7 மணிக்கே கொடுத்துவிட்டால் யாருக்கும் இழப்பில்லை.

முகத்தைப் பற்றி

எஸ்டே லோடர் ஏற்பாட்டில் இன்னொன்றும் இருந்தது. வீரர்கள் போத்தலைப் படம்பிடிக்கலாம், தாங்கள் அந்த விளம்பரத்தில் தோன்றக்கூடாது. அவர்கள் அரச ஊழியர்கள், எந்தப் பொருளையும் பரிந்துரைக்க முடியாது. மணித்தியாலத்துக்கு விலை வைத்த நாசா முகத்துக்கு விலை வைக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கும் ஏற்பாடு பெரும்பாலான கடிதங்களில் இல்லை. பல அனுசரணைகளில் கொம்பனி உண்மையில் தேடுவது தொலைநோக்கியின் பக்கத்தையல்ல, அதனூடாகப் பார்க்கிற தோட்டத்துப் பிள்ளையின் படத்தை. கொழுந்துக் கூடையும் நட்சத்திரமும் ஒரே சட்டத்தில் இருந்தால் வருடாந்த அறிக்கைக்கு அழகாக இருக்கும். அந்தப் படத்தில் பிள்ளை மாணவியாக இல்லை, ஏழ்மையின் அடையாளமாக நிற்கிறாள். பதினான்கு வயதில் எடுத்த படம் அவள் பல்கலைக்கழகம் போன பிறகும் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும், கழற்ற முடியாது. இதை எந்தத் தொகைக்கும் கொடுக்காதீர்கள். கொம்பனிக்குப் படம் வேண்டுமென்றால் ரொக்கெட் பறக்கும் படம், தொலைநோக்கியின் படம், முதுகுப்புறமாக எடுத்த வரிசையின் படம் கொடுக்கலாம். வெற்றிபெற்ற அணியின் படத்தைப் பாடசாலை தானே, பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு வெளியிடட்டும்.

வழி 5: சொந்த இலச்சினையை விற்பது

நாசா எழுத்துப் போட்ட டீசேர்ட் அட்டன் சந்தையிலும் தொங்குகிறது. அதனால் நாசா பணம் சம்பாதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வடிவத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கிறது, அதற்கு உரிமக் கட்டணம் வாங்குவதில்லை.

கழகங்களும் இதை வருமானமாகப் பார்க்கவேண்டாம். 50 டீசேர்ட் அடித்தால் 15 விற்காமல் கிடக்கும், பெரும்பாலும் அளவு பிசகினவை. முன்பதிவும் பணமும் வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வழி 6: அனுசரணையே இல்லாமல், சேர்ந்து செய்வது

இலங்கையின் முதல் செய்மதி ராவணா-1 எந்தக் குளிர்பானப் பெயரையும் சுமக்கவில்லை. ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தின் பேர்ட்ஸ்-3 திட்டத்தில், இலங்கை, நேபாளம், ஜப்பான் மூன்றும் ஒரே மாதிரியான சிறு செய்மதிகளைச் சேர்ந்து செய்தன. எங்கள் தரப்பில் ஆதர் சி. கிளார்க் நிறுவகம் பங்கேற்றது. ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூனில் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. வடிவமைப்பும் ஏவலும் பகிரப்பட்டதால் சிறிய நாட்டாலும் முடிந்தது.

ஒரு வலயத்தில் நான்கு பாடசாலைகள் சேர்ந்து ஒரு 6 அங்குலத் தொலைநோக்கி வாங்குவது அதே வழிதான். மலையகத்தில் இதற்குக் காலநிலையும் ஒத்துழைக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை மூடிவிடும். அந்த மாதங்களில் ஊவாவில், பண்டாரவளை, ஹப்புத்தளையில், வானம் தெளிவாக இருக்கும் இரவுகள் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவின் முறை. சரிவுக்கு ஒன்றாகச் சேர்ந்த இரண்டு பாடசாலைகள் ஒரே கருவியை வருடம் முழுக்கப் பயன்படுத்தலாம். மறைந்திருக்கும் செலவு போக்குவரத்தும் பொறுப்பும்: குழாய் ஒரு மீற்றருக்கு மேல் நீளம், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆடிகளை நேர்ப்படுத்தவேண்டும், உடைந்தால் யார் கட்டுவது என்று முன்னமே எழுதவேண்டும்.

பணமே திரளாவிட்டால் 10×50 இருகண்நோக்கிகள் இரண்டோடு தொடங்குங்கள். வியாழனின் நிலவுகளும் கார்த்திகைக் கூட்டமும் அதிலேயே தெரியும்.

எந்த நிலைமைக்கு எது

| உங்கள் நிலைமை | பொருத்தமான வழி | கவனிக்கவேண்டியது |
|---|---|---|
| ஒரு நாள் போட்டி, உடனடிச் செலவு | இலச்சினைக்கு இடம் | ஸ்டிக்கர் எடை, எல்ஈடி பலகை வேண்டாம் |
| தொலைநோக்கி வேண்டும், ஒரு நிறுவனம் தயார் | பொருளாக வாங்குவது | விபரக்குறிப்பு உங்களுடையது, பராமரிப்புத் தொகை |
| பெரிய கொம்பனி, முழுச் செலவு, பெயர் கேட்கிறது | ஒரு போட்டிக்கு மட்டும், ஒரு வருடம் | பணம் கைக்கு வரும்வரை நாள் குறிக்கவேண்டாம் |
| கொம்பனி மேடையில் பேச விரும்புகிறது | நேரம் | 6 நிமிடம், இருட்டுக்கு முன் |
| சிறிய தோட்டப் பாடசாலை, அனுசரணையாளர் இல்லை | சேர்ந்து வாங்குவது | போக்குவரத்து, பொறுப்பு |

இரண்டு வழிகளைக் கலக்கலாம். என் பரிந்துரை: கருவியைப் பொருளாக ஒருவரிடமும், போட்டிச் செலவை இலச்சினை இடத்துக்காக வேறு இரண்டு மூன்று பேரிடமும் வாங்குங்கள். நகரத்து மருந்துக்கடையும் புத்தகக்கடையும் சிறிய தொகை தருவார்கள், ஒருவர் பின்வாங்கினாலும் போட்டி நிற்காது.

கடிதத்தில் எழுதவேண்டியவை

தொகை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து பற்றுச்சீட்டு வெட்டிய பிறகே எந்தக் கொள்வனவும் தொடங்கும். தனியாள் கையில் காசு வாங்கவேண்டாம், ஆசிரியரைக் காப்பாற்றுவதும் இதுதான்.

பொருளாகக் கிடைத்தவை பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறும். அனுசரணை முடிந்தாலும் திரும்பக் கொடுக்கப்படாது.

இலச்சினை எங்கே, என்ன அளவில், எத்தனை மாதம் என்று எழுதுங்கள். 12 மாதத்துக்கு மேல் வேண்டாம். எந்த நேரத்திலும் 7 நாள் அறிவித்தலோடு அகற்றும் உரிமை பாடசாலைக்கு உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை.

மாணவர்களின் முகம், பெயர், குரல் எந்த விளம்பரத்திலும் அறிக்கையிலும் சமூக ஊடகப் பதிவிலும் பயன்படுத்தப்படாது.

நிகழ்ச்சிக்கு ஒரு நாளும் இரண்டு மாற்று நாட்களும் குறிக்கப்படும். மூன்றும் அமாவாசையை ஒட்டியோ வளர்பிறை அரைநிலவை ஒட்டியோ இருக்கும். ஏப்ரல் மாலைகளில் இடிமழை வழக்கம், புத்தாண்டு விற்பனைக்காக அந்த மாதத்தைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மேகம் மூடினால் ஒத்திவைக்கும் முடிவு பொறுப்பாசிரியருடையது, அதற்காக அனுசரணைத் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்கப்படாது.